டெய்லர் டேப்பும் தேர்டு பார்ட்டி லென்ஸும்

என் கேமராப் பையில் இப்போது ஆறு லென்ஸ் இருக்கிறது. அதில் நிக்கான் பெயர் போட்டது இரண்டுதான். ஒன்று நிக்கான் டி 5300 கேமரா வாங்கியபோது பெட்டியிலேயே கூட வந்த 18-55 (லென்ஸ் பெயரில் வரும் இந்த எண்கள் மில்லிமீட்டர் கணக்கு, எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் கிட்டே தெரியும்). இன்னொன்று ஒரு குட்டி 35, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மற்ற நான்கும் வேறு கம்பெனிக்காரர்கள் செய்தவை, நான்கில் மூன்று செகண்ட் ஹாண்ட். நாலும் சேர்ந்து எனக்கு ஆன செலவில் நிக்கானுடைய சொந்த 17-55 எஃப் 2.8 ஒன்றைக்கூடப் புதிதாக வாங்கியிருக்க முடியாது.

இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நாலில் இரண்டை வாங்கும்போது முட்டாள்தனம் பண்ணினேன், அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லாம் அக்கா பெரிய பெண்ணின் காதுகுத்தில் ஆரம்பித்தது. வடபழநியில் ஒரு மண்டபம், சாயங்கால நேரம், மஞ்சள் டியூப் லைட்டும் வீடியோக்காரர் அவ்வப்போது போட்டு அணைக்கும் ஒரு விளக்கும். பெட்டியோடு வந்த அந்தக் கிட் லென்ஸை 55 வரை நீட்டினால், வெளிச்சம் நுழையும் வாயான அப்பர்ச்சர் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய வாய் பெரிது). வெளிச்ச உணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்றியும் ஷட்டர் முப்பதில் ஒரு நொடிதான் கிடைத்தது. காது குத்தும்போது எந்தக் குழந்தையாவது முப்பதில் ஒரு நொடி அசையாமல் இருக்குமா? அத்தனை படமும் கலங்கல். எஃப் 5.6-க்கும் எஃப் 2.8-க்கும் நடுவில் இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு வெளிச்சம். அதே மண்டபத்தில், அதே ஐஎஸ்ஓவில், நூற்று இருபத்தைந்தில் ஒரு நொடி கிடைத்திருக்கும், அழுத முகமாவது தெளிவாக விழுந்திருக்கும். எஃப் 2.8 ஜூம் ஒன்று வேண்டும் என்று அன்று ராத்திரியே முடிவு பண்ணிவிட்டேன். விலையைப் பார்த்த பிறகுதான், கேமரா கம்பெனி அல்லாத வெளிக் கம்பெனி லென்ஸைக் குறிக்கும் தேர்டு பார்ட்டி என்ற வார்த்தையே காதில் விழுந்தது.

தேர்டு பார்ட்டி என்றால் நம் ஊரில் முதலில் ஞாபகம் வருவது வண்டி இன்சூரன்ஸ். என் மாமாவுக்கு அதைவிட மோசமான ஒன்று ஞாபகம் வந்தது. அவர் முப்பது வருஷமாகப் புல்லட் ஓட்டுபவர், புதுப்பேட்டையில் உதிரிபாகம் வாங்கி வாங்கிச் சலித்தவர். "டேய், கம்பெனி ஐட்டம் இல்லன்னா டூப்ளிகேட்தானேடா? ரெண்டு மாசத்துல கழண்டுக்கும்" என்றார். அவர் மேல் தப்பில்லை. புதுப்பேட்டையில் 'கம்பெனியா, லோக்கலா' என்று கேட்டால் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. லென்ஸில் அந்த அர்த்தம் செல்லாது. டாம்ரான் 1950-இல் தொடங்கிய ஜப்பானியக் கம்பெனி, டோக்கினாவும் அதே வருஷம்தான். சிக்மா 1961-இல் தொடங்கியது, அவர்கள் லென்ஸெல்லாம் ஃபுகுஷிமா மாகாணத்தில் ஐஸு என்ற ஊர்த் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. கண்ணாடி அரைப்பதில் இவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. 2013-இல் சிக்மா கொண்டுவந்த 18-35, ஜூம் முழுக்க எஃப் 1.8 கொடுத்தது. எஸ்எல்ஆருக்கு, அதாவது உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஒன்றை வைத்து வ்யூ ஃபைண்டருக்குக் காட்சியைத் திருப்பும் கேமராவுக்கு, அப்படி ஒரு ஜூமை அதுவரை கேனனும் செய்ததில்லை, நிக்கானும் செய்ததில்லை.

அப்புறம் ஏன் விலை குறைவு? ஒரே லென்ஸை வடிவமைத்து, கேமராவோடு பொருந்தும் பின்பக்க வளையமான மவுண்டை மட்டும் மாற்றி நிக்கானுக்கும் கேனனுக்கும் இன்னும் சிலவற்றுக்கும் விற்கிறார்கள் என்பது ஒரு காரணம். பெயருக்கென்று தனியாக வாங்கும் காசு இல்லை என்பது இன்னொன்று. என் கணக்கில் இவற்றைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, வாங்குகிறவன் தலையில் வந்து விடிவதும் அதுதான்.

லென்ஸும் கேமராவும் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கின்றன. 'எவ்வளவு தூரத்தில் ஃபோகஸ் இருக்கிறது, இன்னும் எவ்வளவு நகர வேண்டும், அப்பர்ச்சரை இவ்வளவு மூடு' என்று மவுண்டில் இருக்கும் அந்தச் சின்னச் சின்னத் தங்க நிறப் புள்ளிகள் வழியாக. அந்தப் பாஷை கேமரா கம்பெனியின் சொந்தப் பாஷை. எஸ்எல்ஆர் காலத்தில் கேனனோ நிக்கானோ அதை எல்லாருக்கும் திறந்து கொடுத்ததில்லை. வெளிக் கம்பெனிகள் ஒட்டுக்கேட்டுத்தான் கற்றுக்கொண்டன. பக்கத்து வீட்டில் பேசுவதைக் கேட்டே தெலுங்கு கற்றுக்கொண்ட சௌகார்பேட்டைப் பையன் மாதிரி. வியாபாரம் செய்யலாம், சண்டை போடலாம், திடீரென்று ஒரு புதுச் சொலவடை வந்தால் மட்டும் முழிப்பான். டி 5300 வந்த புதிதில் அதுதான் நடந்தது. சிக்மாவின் நிக்கான் மவுண்ட் லென்ஸ்கள் அதில் லைவ் வ்யூவில், அதாவது பின்திரையைப் பார்த்து எடுக்கும்போது, ஒழுங்காக ஃபோகஸ் செய்யவில்லை, நடுக்கத்தைத் தாங்கும் அமைப்பும் தகராறு செய்தது. சிக்மாவே அதை அறிவித்து, லென்ஸின் உள் மென்பொருளை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. கேனனில் கதை இன்னும் பழையது. 1987-இல் வந்த ஈஎஃப் மவுண்ட் முழுக்க மின்சாரப் பேச்சுதான். தொண்ணூறுகளில் வந்த பழைய சிக்மா லென்ஸ்கள் சிலவற்றைப் பின்னால் வந்த டிஜிட்டல் பாடிகளில் (லென்ஸ் நீங்கலான கேமராவுக்குப் பாடி என்று பெயர்) மாட்டினால், அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து வைத்தால் படம் எடுக்கும், கொஞ்சம் மூடினால் எர்ரர் காட்டி நின்றுவிடும். மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது அதை நீட்டினால் கவனம்.

ஆக, கண்ணாடியில் நாம் இழப்பது குறைவு, பேச்சில்தான் இடறுகிறது. இது உறைத்த பிறகு என் லென்ஸ் வாங்கும் முறையே மாறிவிட்டது. ஆட்டோஃபோகஸ் பேச்சு எந்த லென்ஸுக்கு அதிகம் தேவை இல்லையோ, அதைக் கண்ணை மூடிக்கொண்டு வெளிக் கம்பெனியில் வாங்கலாம். எதற்கு உயிர்நாடியோ, அதைக் கையில் கேமராவோடு போய்ச் சோதித்துப் பார்த்த பிறகுதான் பணத்தை எடுக்க வேண்டும்.

இந்த ஞானம் சும்மா வரவில்லை. முதலில் வாங்கியது ஜூமே இல்லை. அண்ணா சாலைப் பக்கம் ஒரு கடையில் எஃப் 2.8 ஜூம் தேடிப் போனேன். அலமாரியில் டாம்ரான் 90 மேக்ரோ, சின்னப் பொருளை மிக நெருங்கி எடுக்கும் லென்ஸ், செகண்ட் ஹாண்ட், 7,500 ரூபாய் என்றார். எறும்பின் மீசை தெரியும் என்று எங்கேயோ படித்த ஞாபகம், ஆசை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து மாட்டினால் ஃபோகஸ் நகரவே இல்லை. மறுநாள் போய்க் கேட்டேன். "சார், இது மோட்டார் இல்லாத பழைய மாடல். டி 90, டி 7000 மாதிரி பாடின்னா அதுவே ஓட்டிக்கும். உங்களுது 5300, கையாலதான் திருப்பணும். நீங்க பாடி என்னன்னு சொல்லவே இல்லியே" என்றார். சொல்லவில்லைதான். தப்பு முழுக்க என்னுடையது.

நிக்கான்காரர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள், கேனன்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-இலிருந்து இருப்பது. ஆட்டோஃபோகஸ் வந்தபோது மோட்டாரை பாடிக்குள் வைத்தார்கள், அது ஒரு சின்னத் திருகாணி முனை வழியாக லென்ஸைத் திருப்பும். பிறகு மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைக்க ஆரம்பித்ததும், விலை குறைந்த பாடிகளிலிருந்து மோட்டாரை எடுத்துவிட்டார்கள். டி 40, டி 3000 வரிசை, டி 5000 வரிசை எதிலும் கிடையாது. உங்கள் கேமராவில் லென்ஸைக் கழற்றி மவுண்ட் வளையத்தைப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் முனை மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருந்தால் மோட்டார் இருக்கிறது. இல்லையென்றால் வாங்கும் லென்ஸில் இருந்தாக வேண்டும். சிக்மாவில் எச்எஸ்எம் என்று போட்டிருந்தால் மோட்டார் உண்டு, டாம்ரானில் யுஎஸ்டி என்றால் உண்டு. ஆனால் டாம்ரானின் பல பழைய லென்ஸ்கள் ஒரே பெயரில் மோட்டாரோடும் மோட்டார் இல்லாமலும் வந்திருக்கின்றன, பெயரை மட்டும் நம்பினால் என் கதைதான். இத்தனைக்கும் நிக்கானின் சொந்த 50 எஃப் 1.8 டி-யிலும் மோட்டார் கிடையாது, ஆகவே இதை வெளிக் கம்பெனிக் குறை என்று எழுதவும் முடியாது.

வேடிக்கை என்னவென்றால், முட்டாள்தனமாக வாங்கிய அந்த 90-தான் நான் அதிகம் சந்தோஷமாகப் பயன்படுத்தும் லென்ஸ். மேக்ரோவில் ஆட்டோஃபோகஸ் யாருக்கு வேண்டும்? இந்த லென்ஸில் பொருளை அதன் உண்மை அளவிலேயே சென்சார் மேல் விழவைக்க 29 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். அந்தத் தூரத்தில் ஃபோகஸ் ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். அப்போது வளையத்தைத் திருப்புவதில்லை, உடம்பை முன்னும் பின்னும் லேசாக ஆட்டி, கண்ணுக்குத் தெளிவு தட்டும்போது அழுத்துவதுதான் வழக்கம். மாடியில் செம்பருத்தித் தொட்டியில் வரும் மாவுப்பூச்சியையும் அதை மொய்க்கும் எறும்பையும் அப்படி எத்தனை ஞாயிற்றுக்கிழமை எடுத்திருக்கிறேன். மோட்டார் இல்லை என்பதால்தான் விலை குறைவு, எனக்கோ மோட்டார் தேவையில்லை. இந்த மாதிரிப் பொருத்தம் தெரிந்து அமைந்திருந்தால் புத்திசாலி என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

அடுத்ததைத் தெரிந்தே செய்தேன். டோக்கினா 11-16 எஃப் 2.8, முதல் பதிப்பு. அதிலும் நிக்கானுக்கு மோட்டார் கிடையாது, இரண்டாம் பதிப்பில்தான் வந்தது. என் மாதிரி பாடி வைத்திருப்பவர்கள் முதல் பதிப்பை ஒதுக்குவதால் செகண்ட் ஹாண்டில் சல்லிசாக வந்தது. ஆனால் 11 மில்லிமீட்டரில் எஃப் 8 வைத்து, ஃபோகஸை ஒரு மீட்டரில் நிறுத்தினால், ஏறத்தாழ அரை மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாமே தெளிவாக விழும். அப்புறம் வளையத்தைத் தொடவே வேண்டாம். அறுபத்து மூவர் அன்று மயிலாப்பூர் மாட வீதியில் கூட்டம் இடுப்பை நெரிக்கும்போது, கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்க்காமலேயே அழுத்தினேன், பல்லக்கும் கோபுரமும் மோர் கொடுக்கும் பெரியவரும் ஒரே படத்தில் வந்தார்கள். ஆட்டோஃபோகஸ் இருந்திருந்தால் எவர் கையையாவது பிடித்துக்கொண்டு நின்றிருக்கும். சம்யாங் என்று ஒரு கொரியக் கம்பெனியின் 14 எஃப் 2.8-உம் இந்த வகைதான், முழுக்கக் கையால் திருப்புவது. வேறு வேறு நாடுகளில் வேறு வேறு பெயர் ஒட்டி விற்பார்கள். தெளிவு அபாரம், ஆனால் நேர்கோடுகள் மீசை மாதிரி நெளியும், கட்டடம் எடுப்பவர்கள் யோசித்து வாங்கவும்.

சரி, அந்த எஃப் 2.8 ஜூமுக்கு வருகிறேன். 17-50 எஃப் 2.8 என்று சிக்மாவும் செய்தது, டாம்ரானும் செய்தது. டாம்ரானில் நடுக்கம் தாங்கும் வசதி இருப்பது ஒன்று, இல்லாதது ஒன்று என இரண்டு வகை. நான் எந்தக் கம்பெனியுடையதை வாங்கினேன் என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் எனக்கு வாய்த்தது ஒரே ஒரு லென்ஸ், அதை வைத்து ஒரு கம்பெனியைத் திட்டுவது நியாயமில்லை. நாலில் இது ஒன்றுதான் புதிதாக, பில்லோடு வாங்கியது. கடையில் கேமராவில் மாட்டி ஓடுகிறதா என்று பார்த்தேன், ஓடியது, வந்துவிட்டேன். அக்காவின் சின்னப் பையனுக்கு அதே மண்டபத்தில் காதுகுத்து. இந்த முறை வெளிச்சம் போதும், ஷட்டர் போதும், எல்லாம் ஜம்மென்று நடந்தது. ராத்திரி கம்ப்யூட்டரில் திறந்தால் ஆசாரியின் விரல் நகம் வரைக்கும் துல்லியம், குழந்தையின் காது மங்கல். ஒரு படம் இல்லை, எஃப் 2.8-இல் கிட்டத்தில் எடுத்த எல்லாமே அப்படி. அக்கா பார்த்துவிட்டு, "உன்ன யார்ரா ஆசாரிய படம் எடுக்கச் சொன்னது" என்றாள்.

இதற்கு ஃப்ரண்ட் ஃபோகஸ் என்று பெயர். ஃபோகஸ் நாம் கேட்ட இடத்துக்குச் சில சென்டிமீட்டர் முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். எஸ்எல்ஆரில் வ்யூ ஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது, ஃபோகஸை அளப்பது படம் விழும் சென்சார் இல்லை, காட்சியைத் திருப்பும் அந்தக் கண்ணாடிக்குக் கீழே கேமராவின் அடியில் இருக்கும் தனி சென்சார். அது அளந்து 'இவ்வளவு நகரு' என்று லென்ஸுக்குச் சொல்லும். அந்த அளவிலோ, லென்ஸ் அதைப் புரிந்துகொள்வதிலோ பிசகு இருந்தால் எல்லாப் படமும் ஒரே பக்கம் தள்ளிப் போகும். கிட் லென்ஸிலும் இந்தப் பிசகு இருக்கலாம், எஃப் 5.6-இன் ஃபோகஸ் ஆழம் அதை மூடி மறைத்துவிடும். எஃப் 2.8 மறைக்காது. கிட்டத்தட்ட ஒரு மீட்டரில், 50 மில்லிமீட்டரில், தெளிவாக விழும் பகுதி மொத்தமே நாலைந்து சென்டிமீட்டர்தான். டி 7000 மாதிரி பாடிகளில் மெனுவிலேயே இதைச் சரிக்கட்ட வசதி உண்டு, என்னுடையதில் கிடையாது. சர்வீஸுக்கு அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்து, 'பரிசோதிக்கப்பட்டது, குறை இல்லை' என்று ஒரு சீட்டோடு அப்படியே திரும்பி வந்தது. சண்டை போட்டு, இரண்டாம் முறை பாடியையும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் சரியானது. இரண்டு மாசம் கேமராவே இல்லாமல் இருந்தேன், மார்கழி முழுக்கப் போயிற்று. விலையில் மிச்சம் பிடித்ததை இப்படித்தான் வட்டியோடு கொடுத்தேன்.

சிக்மாவின் பிற்கால லென்ஸ்களுக்கு, அதாவது ஆர்ட், கன்டெம்பரரி, ஸ்போர்ட்ஸ் என்று பெயர் போட்டவற்றுக்கு, யுஎஸ்பி டாக் என்று ஒரு வட்டத் தட்டு விற்றார்கள். லென்ஸை அதில் வைத்துக் கம்ப்யூட்டரோடு இணைத்து நாமே ஃபோகஸைத் திருத்தலாம். டாம்ரானும் பின்னால் சில லென்ஸ்களுக்கு அந்த மாதிரி ஒன்று கொண்டுவந்தது. என் மாதிரி கீழ்நிலை பாடி வைத்திருப்பவர்கள், இந்த வசதி உள்ள லென்ஸா என்று பார்த்து வாங்கினால் சர்வீஸ் சென்டர் வாசலில் நிற்கும் வேலை மிச்சம்.

இப்போது செகண்ட் ஹாண்ட் லென்ஸ் பார்க்கப் போனால் பாக்கெட்டில் அம்மாவின் டெய்லர் டேப்பைப் போட்டுக்கொள்வேன். அதை மேஜை மேல் என்னை நோக்கி நீட்டி, நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் நின்று, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, முப்பது என்ற எண்ணில் ஃபோகஸ் செய்து நாலைந்து படம். பெரிதாக்கிப் பார்த்தால் முப்பதுதான் தெளிவாக இருக்க வேண்டும், இருபத்தெட்டோ முப்பத்திரண்டோ இல்லை. பிறகு அதையே லைவ் வ்யூவில் எடுப்பேன். லைவ் வ்யூவில் சென்சாரே அளக்கிறது, தப்பு நடக்க வாய்ப்புக் குறைவு. லைவ் வ்யூவில் கூர்மையாகவும் வ்யூ ஃபைண்டரில் மங்கலாகவும் வந்தால் கண்ணாடி நல்ல கண்ணாடி, பேச்சில்தான் கோளாறு. இரண்டிலும் மங்கல் என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். அப்புறம் பேப்பரில் வரி விளம்பரப் பக்கத்தைச் சுவரில் ஒட்டி நேராக ஒரு படம். நாலு மூலையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், மூன்று மூலை தெளிவாக இருந்து ஒன்று மட்டும் குழம்பினால் உள்ளே ஏதோ கண்ணாடி சாய்ந்திருக்கிறது, எங்கேயோ கீழே விழுந்த லென்ஸ் என்று அர்த்தம். விற்பவர் இதையெல்லாம் பார்த்து எரிச்சலானால் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

சென்னையில் வாங்குகிறவர்கள் இன்னொன்றைப் பார்த்தே ஆக வேண்டும். மொபைல் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து, முன்பக்கம் வழியாகச் சாய்த்துப் பார்த்தால், ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிகிறதா? பூஞ்சை. "தொடச்சா போயிடும் சார்" என்பார்கள். துடைத்தால் இழை போகும், அது தின்ற கோட்டிங் திரும்பி வராது. அது கம்பெனி பார்த்து வருவதில்லை, விலை உயர்ந்த லென்ஸையும் இதே போல்தான் தின்னும். ஐப்பசி, கார்த்திகையில் லென்ஸை அதன் தோல் உறையிலேயே போட்டு பீரோவில் பூட்டி வைப்பது அதற்கு விருந்து வைப்பது. மின்சார டிரை பாக்ஸ் வாங்க முடிந்தால் நல்லது. நான் பெரிய காற்றுப்புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லும் ஒரு சின்ன ஈரப்பத மீட்டரும் போட்டு, 40-இலிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்கிறேன். ஒரு காலத்தில் அது தீபாவளி முறுக்கு டப்பா. வீட்டில் அதற்கு இன்றும் மன்னிப்பு கிடைக்கவில்லை.

50, 35 மாதிரி எளிய லென்ஸ்களில் மட்டும் வெளிக் கம்பெனி பக்கம் போக வேண்டாம் என்பது என் கட்சி. நிக்கானின் 35 எஃப் 1.8 டிஎக்ஸ், கேனனின் 50 எஃப் 1.8 எஸ்டிஎம் இரண்டுமே சொந்தக் கம்பெனியிலேயே மலிவு. யாங்நுவோ என்ற சீனக் கம்பெனி கேனனின் பழைய 50-ஐ அச்சு அசலாகப் பார்த்துச் செய்து இன்னும் குறைவாக விற்றது. அந்தச் சின்ன மிச்சத்துக்காக ஃபோகஸ் தடுமாற்றத்தை வாங்கிக்கொள்வானேன்.

தூரத்துப் பொருளைக் கிட்டே இழுக்கும் டெலி லென்ஸில் என் தேர்வு டாம்ரான் 70-300 விசி. ஜனவரியில் பள்ளிக்கரணையில் பூநாரை பார்க்கப் போகும்போது இதைத்தான் எடுத்துப் போவேன். 300-இல் நடுக்கம் தாங்கும் வசதி பிடித்ததும் வ்யூ ஃபைண்டரில் படம் ஒட்டிக்கொண்ட மாதிரி நிற்கும், முதல் முறை பார்த்தால் சிரிப்பு வரும். 300 முனையில் கொஞ்சம் மிருதுவாகத்தான் இருக்கும், எஃப் 8-க்கு மூடினால் தேவலை. சாலையோரம் நிற்கும் மஞ்சள்மூக்கு நாரைக்குப் போதும், தூரத்துப் பூநாரைக்குப் போதாது. அதற்கு 150-600 வேண்டும். அது சிக்மாவிலும் இருக்கிறது, டாம்ரானிலும் இருக்கிறது, இரண்டுமே 600-இல் எஃப் 6.3. பல பாடிகளின் ஃபோகஸ் சென்சார் எஃப் 5.6-ஐவிட வாய் சிறுத்தால் உறுதி தராது என்பதால், இந்த மாதிரி லென்ஸ்கள் கேமராவிடம் 'நான் எஃப் 5.6தான்' என்று ஒரு பொய் சொல்லி வேலையை நடத்தும். ஒட்டுக்கேட்டுக் கற்ற பாஷையில் பொய்கூடச் சொல்கிறார்கள் பாருங்கள்.

எல்லாரும் உள்ளே அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு ஓடிக்கொண்டிருப்பதால் எஸ்எல்ஆர் லென்ஸ்களை வந்த விலைக்குத் தள்ளுகிறார்கள். திருவான்மியூரில் ஒருவர் அந்த 150-600-இல் ஒன்றைக் கொடுக்கிறாராம், நிக்கான் மவுண்ட், மோட்டார் உண்டு, இரண்டையும் போனில் முதலிலேயே கேட்டுவிட்டேன். சனிக்கிழமை காலை பறக்கும் ரயில் ஸ்டேஷன் வாசலில் சந்திக்கிறோம். டேப்பை எடுத்து வைத்தாயிற்று. அம்மா அதைத் தேடுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.